பவர் பட்டனில் வைத்த பொட்டு

ஏங்க,

அசந்து தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல. ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்பறேன். ரசமும் வாழைக்காய் வறுவலும் மூடி வச்சிருக்கேன்.

காலையில கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தேன், ஒரே அழுத்துல வந்துடுச்சு. சுபஸ்ரீயோட ப்ராஜெக்ட் அப்படியே இருக்கு. நாலு நாளா அது வர்றதும் உடனே அணையறதுமா இருந்தப்ப, "கண்டதையும் டவுன்லோட் பண்ணிக் கெடுத்துட்டே"ன்னு அவளை என்ன பேச்சு பேசினேன்! அவ இன்னும் எனக்கு முகம் கொடுக்கல. நேத்து நீங்க சரி பண்ணிட்டு, "ஒயர் லூஸ், யார் தப்பும் இல்ல"ன்னு முடிச்சுட்டீங்க.

இப்ப குப்பையைக் கொட்டும்போது பார்த்தேன். காது குடையற பஞ்சுக்குச்சி ஏழெட்டு, நுனியெல்லாம் சந்தனமும் குங்குமமும். போன வாரம் ஆயுத பூஜைக்குப் பவர் பட்டன் மேல பொட்டு வச்சது நான்தானே! அது இடுக்குல இறங்கிக் காய்ஞ்சு, அழுத்தின பட்டனை மேல வரவிடாமப் பிடிச்சிருக்கு. தெரிஞ்சும் என்னைக் காட்டிக் கொடுக்கல நீங்க. ரொம்ப தேங்க்ஸுங்க.

ஜோதி

பி.கு: வெளியே போனா சாவியை எதிர்வீட்டு ருக்ஸார்கிட்ட கொடுங்க.

இன்னொண்ணு. இந்தச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க. கீபோர்டு மேலேயே இருக்கட்டும். சுபஸ்ரீ காலேஜ் விட்டு வந்ததும் முதல்ல அங்கதான் உட்காருவா.