ஆட்டக் கூலிக்கு ஒத்துக்கொண்ட தம்பிக்கு

அன்று வலைக் கொட்டகையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், தம்பி. டீம் செயலாளர் தனசேகர். ஐஸ் வண்டி தேசிங்கு. ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆன ஏழுமலை. என் மகன் பாஸ்கர். நீ. குப்பத்துக் கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை என்பதால் வெளியே மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்த நானும் உன் பெண்டாட்டி செல்வியும். மற்றபடி நாற்பது ஐம்பது ஆண்கள். எல்லாரும் தலையாட்ட வந்தவர்கள். அவர்கள் பெயரைச் சொல்லி வாயை வீணாக்க மாட்டேன். யாரைப் பற்றிப் பேசினார்களோ அந்த டில்லியை, உன் மகனை, யாரும் கூப்பிடவில்லை.

இன்று காலை டில்லி வேலைக்குக் கிளம்பும்போது அந்த ஸ்ப்ரே வாடை வந்தது. எண்ணூரில் கன்டெய்னர் யார்டு கேட்டில் நிற்கிறான். பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். போகும் முன் முழங்காலுக்கு அந்த வலி ஸ்ப்ரேயை அடித்துக்கொள்வான். ஜில்லென்று மூக்கில் ஏறும் வாடை. அது அடங்குவதற்குள் எதிர் டீக்கடையில் சத்தம் கிளம்பியது.

"மூணு வருசம் எயுதிக் குடுத்தா லிமிட்டு இன்னாத்துக்கு ஆவும்?"

நான்கு வருடம் கழித்து அதே பேச்சு. எனக்குத் தலை கொதித்துவிட்டது. டீக்கடைக்குப் போய் என்ன செய்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு அந்தக் கொட்டகைக்குத் திரும்பிப் போயாக வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலம் அது. விசைப்படகெல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடந்தன. கடலுக்குப் போகாத ஆண்களுக்கு வாய் மட்டும்தான் வேலை செய்தது. நம் ஃபுட்பால் டீம் பெரிய லீக்கில் ஏறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஏதோ ஒரு கம்பெனி பணம் போட்டது. லீக்காரர்கள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். ஒரு டீம் தன் ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் சேர்த்து இவ்வளவுக்கு மேல் சம்பள ஒப்பந்தம் போடக் கூடாது. அதைத்தான் நம் ஆட்கள் லிமிட்டு லிமிட்டு என்று மென்றுகொண்டிருந்தார்கள். டில்லியின் ஒப்பந்தம் முடிந்திருந்தது. இன்னும் இரண்டு வருடம் நீட்டித்துக் கேட்டிருந்தான். அவனுக்கு அப்போது முப்பத்தொரு வயது.

தேசிங்குதான் ஆரம்பித்தான். "ஒரே ஆளு லிமிட்டுல காவாசிய துன்னுட்டான்னா, மீதி பத்து பேரு இன்னாத்த துன்றது? மணலயா?"

"டேய், அவன் பின்னால இல்லாங்காட்டி கோல் போஸ்ட்ட உன் வண்டில ஏத்திகினு ஐஸ் யாவாரத்துக்குப் போ" என்றார் ஏழுமலை. "போன வருசம் எத்தினி கோலு தடுத்தான், ஞாபகம் கீதா உனுக்கு?"

"போன வருசம் போன வருசம்பா. அவனுக்கு ரெண்டு வருசம் குடுக்கறதுக்கு, ஓட்ட போட்டுக்குப் புது இஞ்சின் வெச்சிரலாம்."

கொட்டகையே சிரித்தது. செல்வி முந்தானையைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இன்னா அண்ணி, என் புள்ளய பழைய படகு மாரி வெல பேசறாங்க?"

தனசேகர் கையை உயர்த்தி எல்லாரையும் அமர்த்தினான். "எனுக்கு டில்லி மேல இன்னாபா கோவம்? கோல் அடிக்க ஒரு ஆள் வாணும். பெங்கால்லர்ந்து ஒரு பையன் வர்றேன்றான். ரெண்டு பேருக்கும் லிமிட்டுல எடமில்ல. நீங்களே ஒரு வயி சொல்லுங்க."

லீக் அனுப்பிய சட்டத்தாள் பாஸ்கர் கையில் இருந்தது. கூட்டத்தில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் படித்துச் சொன்னான். "ஆட்டத்துக்கு இவ்ளோன்னு கூலி வாங்கறவன் லிமிட்டுல வர மாட்டான். ஒப்பந்தம் போட்டவன் மட்டும்தான் வருவான். மாமா, டில்லி ஆட்டக் கூலிக்கு ஒத்துகினா அவனும் ஆடலாம், பெங்கால் பையனையும் எடுக்கலாம்."

எல்லார் கண்ணும் உன்மேல் வந்தது. நீ எழுந்தாய். லுங்கியை உதறிக் கட்டினாய். "என் புள்ள ஆட்டக் கூலிக்கே ஆடுவான். ஒப்பந்தம் வாணாம்."

எப்படிக் கை தட்டினார்கள்! தேசிங்கு உன்னைக் கட்டிக்கொண்டான். உன் முகத்தில் இருந்த பெருமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். வலை இழுக்கும் வின்ச்சுக் கயிறு உன் காலை நசுக்கிய வருடத்தை நீ மறக்கவில்லை. அந்தப் பருவம் முழுக்க நீ கட்டிலில் கிடந்தாய். படகு கரைக்கு வரும்போதெல்லாம் டீசல், ஐஸ் செலவு போக மீதியைப் பங்கு பிரித்தார்கள். உன் பங்கை யாராவது ஒருவர் பையில் போட்டு நம் வாசலில் கொண்டு வந்து தருவார்கள். கடலுக்குப் போனவனுக்கு என்ன பங்கோ, காயம் பட்டுக் கரையில் கிடந்தவனுக்கும் அதே பங்கு. கேட்டு வாங்கிய பங்கில்லை அது. படகில் அதுதான் முறை, கரைப்பங்கு என்பார்கள். அதனால் டீமும் ஒரு படகு என்று நினைத்துவிட்டாய். இன்றைக்கு என் பிள்ளை தன் பங்கை விட்டுக்கொடுத்தால் நாளைக்கு அவன் விழும்போது இவர்கள் ஒதுக்கி வைப்பார்கள் என்று நம்பினாய். லீக் சட்டம் எழுதியவனுக்குப் படகு தெரியுமா, பங்கு தெரியுமா?

நான் வெளியிலிருந்தே கத்தினேன். "அடி கிடி பட்டா இன்னா பண்ணுவீங்க?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. "கெய்விக்கு இன்னா இங்க வேல?" என்று எவனோ சொன்னான். அது யார் குரல் என்றும் எனக்குத் தெரியும், இருக்கட்டும். நீதான் பதில் சொன்னாய். "சும்மா இரு அக்கா. நம்ம ஆளுங்க கீறாங்க. கரப்பங்கு குடுக்க மாட்டாங்களா?"

"குடுக்காம?" என்றான் தேசிங்கு. "நாங்க இன்னா கஸ்மாலமா?"

அப்போது பாஸ்கர் கையிலிருந்த தாளைக் குனிந்து பார்த்தான். நான் கேட்ட கேள்விக்கு அதில் பதில் தேடுகிறான் என்று நினைத்தேன். பார்த்தான், நாலாக மடித்தான், சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

பயிற்சி முடிந்து வந்த டில்லியிடம் நீ விஷயத்தைச் சொன்னாய். அவன் பூட்ஸ் கயிறை அவிழ்த்துக்கொண்டே, "நைனா சொன்னா சரி" என்றான். அவ்வளவுதான் பேசினான். அவனுக்கும் ஒரு வாய் இருக்கிறது என்று உங்களில் யாருக்காவது தோன்றியதா?

நாலாவது ஆட்டம். தலையால் முட்ட எகிறியவன் ஒற்றைக் காலில் இறங்கினான். முழங்கால் பக்கவாட்டில் போனதை நானே பார்த்தேன். நாரு அறுந்துவிட்டது, ஆபரேஷன் செய்தால் ஒரு வருடத்தில் திரும்ப ஆடலாம், இல்லாவிட்டால் ஓடவே முடியாது என்றார் டாக்டர். நீ நேராகத் தனசேகரிடம் போனாய். என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். உன்னால் அங்கே தனியாகப் பேச முடியாது என்று உனக்கே தெரிந்திருந்தது.

தனசேகர் மேசையிலிருந்து அதே சட்டத்தாளின் இன்னொரு பிரதியை எடுத்தான். ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினான். "ஒப்பந்தத்துல கீறவனுக்குத்தான் காயச் செலவு, குணமாவுற வரைக்கும் சம்பளம். ஆட்டக் கூலிக்காரனுக்குக் கெடையாது. நான் இன்னா பண்ணட்டும் பெரியவரே, கம்பெனி ஒத்துக்காது."

நீ அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்குப் படிக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் அந்த ஒரு வரியைப் பார்த்தபடி நின்றோம்.

கரைப்பங்கு என்ன வந்தது தெரியுமா? தேசிங்கு ஒரு பார் ஐஸ் அனுப்பினான், முட்டிக்கு வைக்க. துண்டு விரித்து வசூல் செய்தார்கள். அது ஸ்கேன் எடுக்கக்கூடப் போதவில்லை. ஏழுமலை மட்டும் தன் பென்ஷனிலிருந்து கொடுத்துவிட்டு, முகம் பார்க்காமல் போனார்.

உன்னிடம் நான் மறைத்தது இதுதான். அன்று மாலை வண்ணாரப்பேட்டையில் பாஸ்கர் வேலை செய்யும் துணிக்கடை வாசலுக்கே போய் அவனைப் பிடித்தேன்.

"அந்த வரி உனுக்குத் தெரியுமாடா?"

கையில் இருந்த பண்டலை இறக்கி வைத்தான். "அன்னைக்கே படிச்சேம்மா."

"அப்பறம்?"

"அத்த சொல்லியிருந்தா மாமா ஒத்துகினு இருக்க மாட்டாரு. பெங்கால் பையன் வந்துருக்க மாட்டான். டில்லிக்கு இப்டி ஆவும்னு எனுக்கு இன்னா ஜோசியமா தெரியும்?"

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே அவனுக்குக் காது குத்தினோம். அழுதான் என்று நீ வெல்லம் ஊட்டினாய். அந்த வாயால் அவன் இதைச் சொன்னான். கடைத் தெருவில் அவ்வளவு ஜனத்துக்கு நடுவில் செருப்பைக் கழற்றி அடித்தேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் வாயைத் திறக்கவில்லை. என் வயிற்றில் பிறந்தவன் என்ற வெட்கம். மறுநாள் நீயே அவனைச் சமாதானம் செய்தாய். "சின்ன எயுத்துடா, உன் கண்ல படல. வுடு" என்றாய். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா மாமா" என்றான். அந்த 'ஆமா'வைக் கேட்டுக்கொண்டு நான் அடுப்படியில் நின்றேன். நான் அப்போதே பேசியிருக்க வேண்டும். அதற்கு நீ என்னை என்ன சொன்னாலும் தகும்.

தடைக்காலம் முடிந்து, ஆபரேஷன் செலவுக்காக அறுபத்திரண்டு வயதில் நீ மறுபடியும் படகேறினாய். போகாதே என்று சொன்னேன். "நம்ம ஆளுங்க கீறாங்க அக்கா" என்றாய். மூன்றாம் நாள் மார்வலி. கரைக்குத் திரும்பும் வழியிலேயே போய்விட்டாய். படகுக்காரர்கள் உன் பங்கை அந்தப் பருவம் முழுவதும் செல்வி கையில் கொடுத்தார்கள். அது சாப்பாட்டுக்குப் போயிற்று. ஆபரேஷன் நடக்கவில்லை.

டீம் அந்த வருடம் கப்பு வாங்கியது. கப்பு வாங்கிய கையோடு உனக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். தெரு முனையில் ஆளுயரத்துக்கு உன் படம், 'எங்கள் டீமின் தூணே' என்று எழுத்து, கீழே வரிசையாகக் கண்ணீர் விட்டவர்கள் பெயர். மூன்றாவது பெயர் என் மகனுடையது என்று யாரோ படித்துச் சொன்னார்கள். மீன் அறுக்கும் கத்தியோடு போய்க் கயிறை அறுத்தேன். பேனர் சாக்கடையில் விழுந்தது. உன் முகமும்தான் விழுந்தது, தம்பி. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. ஆனாலும் அறுத்தேன்.

இன்று டீக்கடையில் அந்தப் பெங்கால் பையன் உட்கார்ந்திருந்தான். நாலு வருடமாய் இங்கேயே இருக்கிறான், நம் பேச்சு அவனுக்கு நன்றாகவே வரும். அவனுடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். மூன்று வருடம் கேட்கிறானாம். தொடையில் அடிக்கடி பிடிப்பு வருகிறது, லிமிட்டை அவனே விழுங்கிவிடுவான், ஆட்டக் கூலிக்கு வரட்டும் என்று தேசிங்கு அளந்துகொண்டிருந்தான். பாஸ்கர் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

டில்லியின் இடத்துக்கு வந்தவன் என்று அந்தப் பையனோடு நான் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று அவன் முன்னால் போய் நின்றேன். "தம்பி, ஒப்பந்தத்துல கீறவனுக்குத்தான் காயச் செலவு, குணமாவுற வரைக்கும் சம்பளம். ஆட்டக் கூலிக்காரனுக்கு ஒண்ணும் கெடையாது. அந்தத் தாள்லயே கீது. அவுங்க கையெயுத்து போட்டுக் குடுக்காம கால மைதானத்துல வெக்காத."

"இன்னா பெரியம்மா, டீம் தோத்தா உனுக்கு சந்தோசமா?" என்றான் தேசிங்கு.

"தோக்கட்டும்டா. நாசமாப் போவட்டும்."

பையன் என்னைப் பார்த்தான், பிறகு பாஸ்கரைப் பார்த்தான். "அண்ணா, நெசமா?" என்று கேட்டான். பாஸ்கர் டம்ளரை வைத்துவிட்டு, "ஆமா" என்றான். கேட்டவனுக்கு நாலு வருடம் கழித்துப் பதில் வந்துவிட்டது. கேட்காமலேயே நம்பினவனுக்கு வரவில்லை.

பிறகு, நாலு வருடமாக நான் பேசாமல் ஒதுக்கிய பாஸ்கர் என் பின்னாலேயே வந்தான். "யம்மா, இன்னைக்குச் சொல்ட்டேன் இல்ல. போதும்மா, பேசும்மா" என்றான். நான் கதவைச் சாத்தினேன்.

செல்வி சொல்கிறாள், அண்ணி, எல்லாரையும் விட்டுவிடுங்கள் என்று. விட்டுவிட்டேன். தேசிங்கு வாயாடி, அவனுக்கு ஐஸ் விற்கத்தான் தெரியும். தனசேகர் கம்பெனிக்குக் கும்பிடு போடுகிறவன். சிரித்தவர்களுக்குத் தடைக்காலத்தில் பொழுது போக வேண்டியிருந்தது. என்னைச் சும்மா இரு என்று சொன்ன உன்னையும், இரண்டு வருடம் மனசுக்குள் திட்டித் தீர்த்த பிறகு, விட்டுவிட்டேன். படிக்கத் தெரியாத எனக்கு அந்த ஒரு வரி மட்டும் மனப்பாடம். சாகிற வரைக்கும் சொல்லுவேன். அதைப் படிக்கத் தெரிந்து, படித்தும் விட்டு, தாய்மாமன் எழுந்து நின்று பெருமையாகப் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருந்த ஒருவனை மட்டும் விட மாட்டேன்.

பாஸ்கர்.