ஒண்ணும் பண்ணாது

என்னங்க,

சோறு அடுப்பு மேல இருக்கு. குண்டனோடது தனித் தட்டுல. மத்தியானம் தையல்கார அக்கா என் சட்டையைக் கொண்டு வருவாங்க. முதல்ல குண்டனைப் பின்னறையில கட்டுங்க, அப்புறம் கதவைத் திறங்க. ‘ஒண்ணும் பண்ணாது’ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நேத்து அவங்க கடைக்குள்ள நாயை அவிழ்த்து விட்டுட்டு அதையேதான் சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க. பாவம், துணி வெட்டுற மேஜை மேல ஏறி நின்னுட்டாங்க. அதான் உங்களோட பேசாம உர்ருன்னு இருந்தேன்.

இடமில்ல, ஓரத்துல எழுதறேன்: கல்யாணமான புதுசுல எனக்கும் நாய்னா உயிரே போயிடும். நானா உள்ள கூப்பிடுற வரைக்கும், மூணு மாசம், குண்டனோட வராண்டாவுலயே படுத்தீங்களே, அந்த மனுஷனை இன்னைக்குக் கதவைத் திறக்கச் சொல்லுங்க.