பூட்டாத லென்ஸ்

கோத்தகிரி
12.6.1975

அன்பு மிகுந்த இத்ரூஸ் நானாவுக்கு,

அழகர் எழுதுவது. பிள்ளையை ஸ்பிரிங்வெளித் தோட்டத்து மண்ணில் புதைத்துவிட்டுக் கப்பலேறிய நானும் வேலாயியும் ஒருவழியாக இந்தியா வந்து சேர்ந்தோம். இங்கேயும் தேயிலைதான், ஆனால் தோட்டத்தில் வேலை கேட்டால் ‘சிலோன்காரன்’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். நீங்கள் பிரியும்போது தந்த பழைய கமராவை நம்பித்தான் சந்தைப் பக்கம் ஓர் அறை பிடித்தேன்.

நானா, எழுதாமல் இருக்க முடியவில்லை. லென்ஸ் பூட்டவில்லை. சிவப்புப் புள்ளியில் வைத்துத் திருப்பினால் ‘டிக்’ சத்தம் வராமல் கடைசியில் முட்டி நிற்கிறது. கையை எடுத்தால் கழன்றுவிடுகிறது. முதல் கல்யாண வீட்டில் கையால் பிடித்துக்கொண்டே எடுத்தேன். வெளிச்சம் புகுந்து எல்லாப் படமும் பாழ். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நின்று ஏசினார்கள்.

பதுளையில் இத்தனை வருஷம் உங்கள் ஸ்டூடியோவில் நின்றவன் நான். பழுதென்று தெரிந்தே தந்தீர்களா? “நானாவக் குத்தம் சொல்லாதீங்க” என்று வேலாயி அழுகிறாள்.

அழகர்


பதுளை
1.7.1975

தம்பி அழகருக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அன்றைக்குக் கடையைப் பகலிலேயே சாத்திவிட்டேன். பழுதான சாமானைத் தலையில் கட்டுகிற ஆள் என்று என்னை நினைத்துவிட்டாயே! அல்லாஹ் அறிய, நீ புறப்பட முதல்நாள் அந்த லென்ஸைப் பூட்டிப் பார்த்துத்தான் உன் கையில் தந்தேன்.

கோபம் ஒரு பக்கம் கிடக்கட்டும், உன் பிழைப்பைப் பார்ப்போம். லென்ஸின் பின்பக்கம் வெள்ளி வளையம் ஒன்று, அதில் நான்கு ஸ்குரூ. விரலால் தடவு. ஒன்று தலை தூக்கி நின்றால் அதுதான் முட்டுகிறது. முடுக்கியும் இறங்காவிட்டால் வளையத்துக்கு அடியில் ஏதோ சிக்கியிருக்கிறது. பலவந்தம் பண்ணாமல் நான்கையும் கழற்று. தலைகளில் புதுக் கீறல் இருந்தால், யாரோ அதைத் திறந்திருக்கிறார்கள். அது நான் இல்லை.

என் வீட்டுக்காரி ஸவாஹிரா வேலாயியைச் சுகம் விசாரிக்கிறாள்.

இத்ரூஸ்


கோத்தகிரி
19.7.1975

என் நானாவுக்கு,

என்னை மன்னித்துவிடுங்கள். ஒரு ஸ்குரூ தலை தூக்கித்தான் நின்றது. கீறலும் இருந்தது. கழற்றப் போனதும் வேலாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வளையத்துக்கு அடியில் நூல் சுற்றிய ஒரு பொட்டுத் தோடு. எங்கள் மகள் தனத்தின் தோடு. பிள்ளையைப் புதைக்கும்போது வேலாயி கழற்றி வைத்துக்கொண்டாளாம், எனக்குத் தெரியாது.

“கப்பலடியில நகையெல்லாம் பிடுங்கிக்கிறாங்கன்னு லயத்துல பக்கத்து வீட்டாளுங்க சொன்னாங்க. புள்ளையோடத மட்டும் குடுக்க மனசு வரலங்க. கமராவ யாரு பிரிச்சுப் பாப்பாங்கன்னு கத்தி மொனையால கழட்டுனேன்” என்றாள். நூல் சிக்கியதால் ஸ்குரூ இறங்கவில்லை. நான் உங்களை ஏசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு, சொல்லப் பயந்து இருந்திருக்கிறாள். கோபம் வந்தது. தோட்டைக் கையில் வாங்கியதும் போய்விட்டது.

லென்ஸ் இப்போது ‘டிக்’ என்று பூட்டுகிறது. இன்னும் ஒன்று கேட்கிறேன். ஊரார் பிள்ளைகளையெல்லாம் எடுத்த நான், ‘நம்ம புள்ளதானே, பிறகு எடுக்கலாம்’ என்று இருந்துவிட்டேன். பாஸ்போட்டுக்கு நீங்கள் எடுத்த குடும்பப் படத்தில்தான் அவள் இருக்கிறாள். அவள் செத்த பிறகு பாஸ்போட் ஆபீஸில் அதிலும் அவள் முகத்தின்மேல் மையால் கோடு போட்டுவிட்டார்கள். நெகடிவ் இருக்கிறதா நானா?

அழகர்


பதுளை
8.8.1975

அன்புத் தம்பி அழகருக்கு,

மன்னிப்பு என்ற சொல்லை எனக்கு இனி எழுதாதே.

பாஸ்போட் படத்தின் நெகடிவ் மழை ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டது. நானும் ஸவாஹிராவும் பெட்டியெல்லாம் கொட்டித் தேடினோம். அதற்கு முன் எடுத்து, பிள்ளை தலையை ஆட்டிவிட்டது என்று நாம் ஒதுக்கிய நெகடிவ் ஒன்று கிடைத்தது. நீ குனிந்து அவளைப் பார்த்துச் சிரிக்கிறாய்.

கழுவி இத்துடன் வைத்திருக்கிறேன். முகம் கலங்கித்தான் இருக்கிறது. பல தரம் முயன்றும் என்னால் அதைத் தெளிவாக்க முடியவில்லை, தம்பி. வேலாயியைப் பிள்ளையின் காதைப் பார்க்கச் சொல். அந்தத் தோடு மட்டும் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடாக விழுந்திருக்கிறது.

உன் நானா,
இத்ரூஸ்