வெள்ளையனுக்குப் பூசிய ஒயில்

மார்ச் 4, செவ்வாய்
வெள்ளையன் நாள் முழுக்கச் சொறிகிறான். காதோரமும் முழங்காலும் மயிர் கொட்டி, தோல் தடித்துச் சிவந்து கிடக்கிறது. "டொக்டரிட்டக் காட்டுங்கோ அப்பா" என்கிறாள் மகள் கஜந்தி. டொக்டராம்! இருபத்தைந்து வருசமாகப் படகு எஞ்சின் திருத்துகிறேன். இந்தக் கரையில் எந்த நாய்க்குச் சொறி என்றாலும் சனம் போத்தலோடு வருவது என் கொட்டிலுக்குத்தான், கழிவு ஒயில் கேட்டு. ஊர் நாய்க்கு வைத்தியம் செய்தவனுக்குத் தன் நாய்க்குச் செய்யத் தெரியாதா?

மார்ச் 5, புதன்
தலையிலிருந்து வால்வரை பூசினேன். கத்தினான். எரிந்தால்தான் பூச்சி சாகும் என்று அவனுக்கே சொன்னேன். பெயர்தான் வெள்ளையன், இப்போது எஞ்சின் மூடி மாதிரி இருக்கிறான்.

மார்ச் 7, வெள்ளி
உடம்பை நக்கிக்கொண்டே இருக்கிறான். சோற்றைத் தொடவில்லை. இரண்டு தரம் சத்தி எடுத்தான்.

மார்ச் 10, திங்கள்
காலையில் எழும்பவே இல்லை. கஜந்திதான் ஓட்டோ பிடித்தாள். மிருக வைத்தியர் அவள் வயதுப் பிள்ளை. தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்புக்குக் கீழ் வைத்துப் பார்த்தா.
"இது கண்ணுக்குத் தெரியாத பூச்சியால வாற சொறி, ஐயா. ஊசியோட மாறும். இப்ப ஆளைக் கொல்லுறது ஒயில்தான். நக்கி நக்கி உள்ளுக்குப் போயிட்டுது. ஆர் பூசச் சொன்னது?"
கஜந்தி என்னைப் பார்த்தாள். நான் சுவர்க் கலண்டரைப் பார்த்தேன்.
"ஊரில சொல்லுறவை" என்றேன்.
ஊரில சொல்லுறது ஆர்? நான்தானே.

மார்ச் 11, செவ்வாய்
சேலைன் ஏறுகிறது. பிழைப்பானோ தெரியாதாம். களைச்சுப் போனன்.

மார்ச் 16, ஞாயிறு
நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இன்று கஞ்சி குடித்தான், கஜந்தியின் கையால். நான் கிட்டப் போனால் மேசைக்குக் கீழே ஒளிக்கிறான். என் கையில் ஒயில் மணம். மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். இருபத்தைந்து வருச மணம், லேசில் போகுமா?

ஏப்ரல் 9, புதன்
நாலாவது ஊசி. சொறிச்சல் குறைவு. முதுகில் மெல்லியதாக மயிர் அரும்புகிறது. என்னிடம் இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 26, சனி
கொட்டிலுக்குப் பாஹிம் வந்தான், குறிஞ்சாக்கேணிப் படகுக்காரன். கையில் வெறும் சோடாப் போத்தல்.
"அண்ணன், கொஞ்சம் கழிவு ஒயில் தாங்க. மீன் வாடியில நிக்கிற நாய்க்குச் சொறி."
"போன வருசமும் கொண்டுபோனனீ. சுகமாகேல்லையோ?"
"அது செத்துப் போச்சே. இது வேற நாய்."
சாதாரணமாகத்தான் சொன்னான். என்னில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. எத்தனை போத்தல் நிரப்பிக் குடுத்திருப்பன்? எந்த நாய்க்கு என்ன நடந்தது எண்டு ஒரு நாளாவது கேட்டனானோ?
"அந்த நாய் செத்தது நான் தந்த ஒயிலாலதான், பாஹிம்."
நம்பாமல் சிரித்தான். கொட்டிலைப் பூட்டிவிட்டு, அவனோடு போய் நாயை வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு வந்தேன். திங்கட்கிழமை டொக்டரிடம் காட்ட வேண்டும்.
தொற்றும் என்பதால் பின்வளவில் தள்ளிக் கட்டியிருக்கிறேன். சோறு வைத்துவிட்டு வந்து கதிரையில் இருந்தேன். வெள்ளையன் வாசலில் நின்று அந்த நாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். மேசைக்குக் கீழே போகவில்லை. என் கதிரையிலிருந்து இரண்டு முழம் தள்ளிப் படுத்தான்.