பின்கதவைப் பற்றிக் கேட்டால்

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சூரியபிரகாஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தங்கை ஜீவா மூவரும் சுகம். நீயும் சுகம் என்றுதான் போனில் சொல்கிறாய், ஆனால் சொல்லும்போதே இருமுகிறாய். பூனாவில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று டி.வி.யில் பார்த்தேன், நான் கொடுத்தனுப்பிய கம்பளியைப் பெட்டியிலேயே வைத்திருக்காமல் எடுத்துப் போர்த்திக்கொள். அப்பாவுக்கு முதுகுவலி முன்பைவிடக் கம்மி, தோல் தொழிற்சாலையில் அவருக்குக் குனிந்து தூக்குகிற வேலையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் குப்புறப் படுத்துக்கொண்டு ஜீவாவை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்கிறார். அவள் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஏறி நின்று மிதிக்கிறாள், ரெண்டு வேலையும் முடியுதில்ல என்கிறாள்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். உனக்குத்தான் தெரியுமே, எனக்கு வாய் வராது, யாராவது கொஞ்சம் வேகமாகப் பேசினாலே சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் பிறகு பாத்திரம் கழுவும்போது பதில் யோசிக்கிறவள் நான். போன வாரம் உன்னிடமும் அப்படித்தான் சரி என்றேன். அந்தச் சரியைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

போனில் பாதிதான் சொன்னேன், முழுதாகச் சொல்லிவிடுகிறேன். வருகிற வியாழக்கிழமை எங்கள் ஷூ கம்பெனிக்கு ஆடிட் வருகிறது, எங்கள் ஷூவை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் ஆள் அனுப்பி, வேலை செய்கிறவர்களை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள், எங்களில் சிலரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள்வியும் கேட்பார்கள். அதற்கு முன்னால் எங்களுக்குப் பாடம் நடக்கும். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் இப்படிச் சொல், லீவைப் பற்றிக் கேட்டால் அப்படிச் சொல் என்று லைன் லைனாக நிற்கவைத்துப் பதில் சொல்லிக்கொடுப்பார்கள். இந்தத் தடவை அந்தப் பாடத்தை என்னை எடுக்கச் சொன்னார் சூப்பர்வைசர் மக்பூல் அகமது. எங்கள் தையல் லைனில் டிகிரி முடித்தவள் நான் ஒருத்திதான். “நீ வாணியம்பாடி காலேஜ்ல படிச்ச பொண்ணு, நீ சொன்னா மண்டையில ஏறும், நான் சொன்னா சிரிக்கறாளுங்கம்மா” என்றார். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தண்ணீர், கழிப்பறை, லீவு எல்லாம் எங்களுக்கு நிஜமாகவே இருப்பவை, சொல்லிக்கொடுப்பதில் கஷ்டமில்லை. கடைசியில் பின்கதவு வந்தது. தீப்பிடித்தால் ஓடுவதற்கென்று எங்கள் ஹாலுக்குப் பின்னால் ஒரு கதவு உண்டு. தோல் திருட்டுப் போகிறது என்று அதைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள், சாவி வாட்ச்மேனிடம், சட்டென்று தீப்பிடிக்கிற பசை டின்களை அடுக்கியிருப்பதும் அதற்குப் பக்கத்தில்தான். ஆடிட் அன்றைக்கு மட்டும் பூட்டை எடுப்பார்கள். ‘அந்தக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும்’, இதுதான் நாங்கள் படிக்கவேண்டிய பதில். நான் அதை வாய்விட்டுச் சொன்னதும், எனக்குப் பக்கத்து மெஷினில் தைக்கிற ஜோதி, புதுசாகச் சேர்ந்த பெண், “அக்கா, நான் பூட்டு பாத்தேனே, நெஜமா தொறந்துதான் கீதா?” என்று கேட்டாள். கோவிந்தம்மாள் அக்கா, எங்கள் லைனிலேயே மூத்தவர்கள், “அடி பைத்தியமே, அக்காக்குத் தெரியாதா இன்னா, பரீட்சைக்குப் படிக்கற மாதிரி படி, சொல்லிட்டு மறந்துடு” என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். ஜோதி சிரிக்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “படிச்சவங்க நீங்க சொன்னா சரிதாங்க்கா” என்று அந்தப் பதிலை ஒப்பித்தாள், ஒரு எழுத்துப் பிசகவில்லை. அதற்குமேல் என்னால் பாடம் எடுக்க முடியவில்லை, தலைவலி என்று சொல்லி வந்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் உன்னிடம் சொன்னேன். நீ, “ஒரு வார்த்த சொல்லிட்டு வர்றதுக்கு ஏம்மா பேஜார் பண்ணிக்கற, எல்லாரும் சொல்றதத்தான நீயும் சொல்லப்போற, ஆர்டர் போச்சுன்னா உன் வேல மட்டுமா போவும்” என்றாய். நீ சொன்னதில் கடைசி வரி நிஜம், அதனால்தான் உடனே சரி என்றுவிட்டேன். அந்த வேலையை நம்பித்தான் ஜோதி வீட்டில் அடுப்பு எரிகிறது, நம் வீட்டிலும் ஜீவாவைக் காலேஜில் சேர்க்க வேண்டும். ஆனால் முதல் வரியை நீ சொன்னதுதான் எனக்கு என்னவோ போலிருந்தது. ஏழாம் வகுப்பில் குடிமக்களின் கடமைகள் பாடம் படித்த வருஷம் நீ என்ன செய்தாய் என்று உனக்கு ஞாபகமிருக்காது. பாலாற்றுப் பாலத்தில் அப்பா வண்டியை நிறுத்தி, பூஜை போட்ட குப்பையைக் கவரோடு ஆற்றில் வீசப்போனார். நீ அந்தக் கவரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எல்லாரும்தான்டா போடறாங்க என்றார் அப்பா, எல்லாரும் போட்டா நீயும் போடுவியா என்று திருப்பிக் கேட்டாய், வண்டியில் ஏறமாட்டேன் என்று பாலத்திலேயே உட்கார்ந்துகொண்டாய். லாரிக்காரர்கள் எல்லாம் ஹாரன் அடிக்க, அப்பா அந்தக் கவரை மடியில் வைத்துக்கொண்டு வீடுவரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். அந்தப் பாடத்தில் நீ எத்தனை மார்க் வாங்கினாய் என்பது எனக்கு மறந்துவிட்டது, கவரைப் பிடித்த உன் கை மறக்கவில்லை கண்ணு.

உன்னிடம் பேசிய மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் லைனில் எல்லாரிடமும் நானே பேசினேன். நின்று பேச முடியாமல் டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன். மற்றதெல்லாம் சொல்லித்தருகிறேன், கதவு விஷயம் மட்டும் என்னால் ஆகாது, ஆர்டர் போய்விடுமோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது, நீங்களும் சொல்லுங்கள் என்றேன். கோவிந்தம்மாள் அக்காதான், “திருட்டுப் போவுதுன்னு பூட்டறாங்கன்னா நம்மள எல்லாம் திருடின்றாங்களா, அத மொதல்ல கேளு” என்று ஆரம்பித்தார்கள். “தீ புடிச்சா வாட்ச்மேன் டீ குடிச்சிட்டு வந்து தொறப்பாரா” என்றாள் ஜோதி. பேசிப் பேசி எல்லாருமாகப் போய் மக்பூல் அகமதுவிடம் சொன்னோம், கதவைத் தினமும் திறந்து வையுங்கள், தோல் போகாமல் பார்க்க நாங்கள் ஒவ்வொருத்தியாக முறை வைத்துக்கொண்டு அந்தக் கதவுப் பக்கம் உட்கார்ந்து தைக்கிறோம், பசை டின்னை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று. அவர், “சாவி எங்கிட்டயா கீது, நான் இன்னாம்மா பண்றது” என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அவருடைய தங்கை மகளும் அதே ஹாலில்தான் வேலை செய்கிறாள், அதையும் கோவிந்தம்மாள் அக்கா நினைவுபடுத்தினார்கள். அதைக் கேட்டதும் அவர் மேனேஜர் ரூமுக்குப் போனார். வெளியே வந்து, “யோசிக்கறேன்னு சொல்லியிருக்காரு, நீ மட்டும் வாய வெச்சிக்கினு சும்மா இரும்மா” என்றார். நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் பூட்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

நாளையோ மறுநாளோ பூட்டை எடுத்து, இனி இப்படித்தான் என்று சொல்லிவிட்டார்களானால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை. எடுக்காவிட்டால், வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டுக் கேட்டால், தினமும் பூட்டியிருக்கிறது, இன்றைக்குத்தான் திறந்தார்கள் என்று சொல்லப்போகிறேன். எனக்கு இங்கிலீஷ் வரும் என்பதால் என்னைக் கூப்பிடாமல் இருக்கமாட்டார்கள். பயமாக இல்லை என்று எழுதினால் அது பொய். ஆலங்காயத்தில் என் பிறந்த வீட்டில் எனக்கு முன்னால் யாரும் காலேஜ் வாசல் மிதித்ததில்லை. என்னை முதல் நாள் பஸ் ஏற்றும்போது உன் தாத்தா, இனிமே நம்மள ஒருத்தனும் ஏமாத்த முடியாது என்றார். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டே நான் ஜோதியை ஏமாற்றுவேன் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார். படித்ததால் எனக்குத் தைரியம் ஒன்றும் வந்துவிடவில்லை சூர்யா, ஆனால் நான் சொல்வதை ஒருத்தி நம்புகிறாள் என்றால் அதற்கு நான்தான் பொறுப்பு என்று மட்டும் தெரிகிறது. அப்பாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். “நீ பேசறதே எப்பவாச்சும் ஒரு நாளு, அன்னிக்காவது நெஜத்தப் பேசு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். வேலை போனால் போகட்டும் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. போனால் கஷ்டம்தான். அதை மறைத்து உனக்கு எழுத எனக்கு மனசு வரவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அம்மாவுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான் நீ அப்படிச் சொன்னாய், அது எனக்குத் தெரியாதா. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, பொங்கலுக்கு டிக்கெட் இப்போதே எடுத்துவிடு, அப்புறம் கிடைக்காது. நீ இருக்கிற இடத்தில் உன்னை நம்பி நாலு பேர் நிம்மதியாக இருக்கும்படி நீ நன்றாக இரு, எங்கள் மூவரின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. இதை நாளைக்கே ஸ்பீட் போஸ்ட்டில் போட்டுவிடுகிறேன், ஆடிட்டுக்குள் உன் கைக்கு வந்துவிடும். என்னைத் தடுக்க வேண்டாம். வியாழக்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும் போன் செய். என்ன ஆச்சு என்று கேட்பதற்கு முன்னால், என்ன சொன்ன அம்மா என்று கேள்.

இப்படிக்கு,
உன்மேல் உயிராக இருக்கும் அம்மா,
ஹேமலதா