பிம்முக்கும் தனிச்சீட்டு

கோர்ன்,

காலை வேலைக்குக் கிளம்பிவிட்டேன். ஒட்டரிசிச் சோறும் சுட்ட பன்றி இறைச்சியும் மேசையில் மூடிவைத்திருக்கிறேன். சாவியும் பிள்ளைகளும் பக்கத்து வீட்டு நிட்டிடம்.

பிள்ளைகளை அக்கா வீட்டுக்கு ரயிலில் கூட்டிப்போகும்போது பிம்முக்கும் நாள் சீட்டு வாங்குங்கள். உங்கள் சீட்டு உங்களுக்கு மட்டும்தான். சின்னவன் டோங் இன்னும் நிலையச் சுவரிலுள்ள உயரக்கோட்டுக்குக் கீழே, அவனுக்குச் சீட்டு வேண்டாம். பிம் அதைத் தாண்டிவிட்டாள்.

போன வாரம், "குனிஞ்சு முன்னாடி போ குட்டி, யாரும் பாக்கமாட்டாங்க" என்று, உங்கள் சீட்டுக்குத் திறந்த வாயிற்கதவில் அவளைத் தள்ளிவிட்டீர்கள். கதவு மூடிக்கொண்டது. அவள் உள்ளே, நாம் வெளியே. கூட்டம் அவளை ரயிலுக்குள் இழுத்துப்போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த நிலையத்தில் காவலர் கையைப் பிடித்தபடி நின்றாள். "அதான் கிடைச்சிட்டாளே" என்று நேற்றும் சிரித்தீர்கள். இன்று நானும் கூட வரமாட்டேன்.

அக்கா வீடு சேர்ந்ததும் போன் செய்யுங்கள். மறக்காதீர்கள்.

இன்னொன்று. நேற்று ராத்திரி அவள் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டீர்களே. நீங்கள் இரவு வேலைக்குப் போனபிறகு என்னிடம் சொன்னாள்: "சாப்பிட்டா வளந்துடுவேம்மா. வளந்தா கதவு மூடிடும்."

சீட்டை அவள் கையிலேயே கொடுங்கள். கதவை அவளே திறக்கட்டும்.

ராட்ரி