மீன் தண்ணி ஊற்றாத சாப்பாடு

14.10.96, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். கொடியில் ஒரு துணியும் காயவில்லை. ஆபீசில் ஃபேக்ஸ் இரண்டு, பம்ப் கேட்டலாக் தட்டச்சு பாதி.

மதியம் முதலாளி கூப்பிட்டார். பாங்காக் சோம்சாய் மனைவியோடு நாளை வருகிறாராம். ஒரு வருஷமாக நான் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் அதே சோம்சாய். நம் பம்புகளுக்கு அங்கே ஏஜென்சி எடுப்பதா வேண்டாமா என்று நேரில் பார்த்து முடிவு செய்ய. அவிநாசி ரோட்டு ஓட்டலில் புதிதாகத் தாய்லாந்து ரெஸ்டாரன்ட் திறந்திருக்கிறார்கள், மதியச் சாப்பாடு அங்கே. "நீங்களும் வரோணும் அம்மணி. அவிய கேக்கறதுக்கெல்லாம் உங்களுக்குத்தான் பதில் தெரியும்."

பத்து வருஷத்தில் இதுதான் முதல் தடவை. தலையை ஆட்டிவிட்டுச் சீட்டுக்கு வந்த பிறகே உறைத்தது. நான் சைவம். முட்டைகூடத் தொட்டதில்லை. முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால் எனக்குப் பதில் சேல்ஸ் தங்கவேலுவைக் கூட்டிப் போய்விடுவார். தங்கவேலு எதையும் சாப்பிடுவார், பம்ப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது.

ஓட்டலுக்குப் போன் செய்தேன். சைவத்துக்குத் தனிப் பக்கமே போட்டிருக்கிறோம் என்றார்கள். நிம்மதி.

சாயங்காலம் வீட்டில் இவரிடம் 'தாய் ஓட்டல்' என்றேன். "தாய் ஓட்டல்ல சோறு கெடைக்காமப் போயிருமா?" என்று அவரே சொல்லி அவரே சிரித்தார்.

அரக்குப் புடவையா, பச்சையா? பச்சை.

15.10.96, செவ்வாய்

மழை விட்டது. நல்ல வெயில்.

சோம்சாய் ஒல்லி, கண்ணாடி, கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார். மனைவி பெயர் மாலி. அவர்கள் மொழியில் மல்லிகையாம். என் தலைப் பூவைக் காட்டி அவர்தான் சொன்னார். என் வயதுதான் இருக்கும். பேச்செல்லாம் இங்கிலீஷில், இரண்டு பக்கமும் கொஞ்சம் தப்பும் தவறுமாக.

சைவப் பக்கம் இருந்தது உண்மை. பப்பாளிக்காய் சாலட்டும் தேங்காய்ப்பால் குழம்பும் சொன்னேன். தட்டு வந்ததும் வாடை. பரிமாறுகிறவர் கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர். மெல்லக் கேட்டேன். உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து என் காதோரம் குனிந்தார்.

"ஏனுங்கக்கா, காய் மட்டுந்தானுங்க போடறாங்களாமா. ஆனா உப்புல மீனை ஊறப்போட்டு எடுக்கற மீன் தண்ணி ஊத்தாம எதுவுஞ் செய்ய மாட்டாங்களாமுங்க."

தட்டை ஓசைப்படாமல் ஓரம் தள்ளினேன். முதலாளி ஆசையாகத் தேடிப் பிடித்த இடம். நடுமேசையில் முழு மீன் ஒன்று வாயைத் திறந்துகொண்டு. வெறும் சோற்றைக் கிளறினேன், பம்ப் பற்றிப் பேசினேன், தண்ணீர் குடித்தேன். மூன்று டம்ளர்.

அப்போதுதான் பார்த்தேன். மாலி தட்டிலும் வெறும் சோறு, இரண்டு வெள்ளரித் துண்டு. முதலாளி அவர் பக்கம் தட்டை நகர்த்தி, சாப்பிடுங்க, உங்க ஊர்ச் சாப்பாடுதானே என்று உபசரிக்கிறார். மாலி சிரிக்கிறார், கை மட்டும் போகவில்லை.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. நான் சைவம், இதில் எதையும் என்னால் சாப்பிட முடியாது, மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். முதலாளியின் ஸ்பூன் அப்படியே நின்றது. போச்சு, பத்து வருஷ வேலை என்று நினைத்தேன்.

மாலி ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். நிற்கவே இல்லை. அவருக்கு இந்த ஒன்பது நாள் விரதமாம். 'ஜே' என்பார்களாம். மீன், கறி, முட்டை, பால், பூண்டு, வெங்காயம் எதுவும் கூடாது. தமக்காகவே இவ்வளவும் வரவழைத்தவரிடம் எப்படிச் சொல்வது என்று பேசாமல் இருந்திருக்கிறார்.

முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் தட்டைச் சுட்டி என்னிடம் தமிழில், "எனக்கும் புரட்டாசி விரதந்தானுங்க அம்மணி. பார்ட்டி சங்கடப்பட்டுறக் கூடாதுன்னு இந்த மீனை அரை மணி நேரமா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிட்டிருக்கறேன்" என்றார். குழம்புக்கு அடியில் முழுத் துண்டு, அப்படியே. மொழிபெயர்த்துச் சொன்னேன். சோம்சாய் மட்டும் சாப்பாட்டை நிறுத்தாமல், அப்படியானால் மீன் பூராவும் எனக்கா என்று கேட்டார்.

சமையல்கார அம்மாவை வரச் சொன்னோம். பாங்காக்கிலிருந்து வந்தவர், பெயர் நொய். சின்னவள் என்று அர்த்தமாம். நம் ஊரில் நொய் என்றால் உடைந்த அரிசி என்றேன், அதற்கும் சிரித்தார். மாலி அவர் மொழியில் பேசப் பேச அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வந்து ஒரு மாதமாகிறது, தன் பாஷையில் பேச ஆளே இல்லையாம்.

அரை மணியில் புதிதாக வந்தது: ஊட்டிக் காளான், முட்டைக்கோஸ், தேங்காய்ப்பால், துளசி மாதிரி ஒரு இலை. உப்பு மட்டும், மீன் தண்ணி இல்லை. காரம் உச்சந்தலைக்கு ஏறியது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

16.10.96, புதன்

நொய் அம்மாவுக்கு இன்று லீவு. அவரையும் மாலி, சோம்சாயையும் வீட்டுக்குக் கூப்பிட்டேன். இடியாப்பம் மாதிரி சந்தகை. எலுமிச்சை பிழிந்தது ஒன்று, வெல்லம் போட்ட தேங்காய்ப்பாலோடு ஒன்று. வெங்காயம் இல்லை, நெய் இல்லை.

அச்சில் மாவு பிழிய எனக்குத் தெம்பு போதவில்லை. இவரும் சோம்சாயும் ஆளுக்கொரு பக்கம் கைப்பிடியில் தொங்கினார்கள். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் இவர் அடுப்படிக்குள் இவ்வளவு நேரம் நின்றதில்லை. நொய் அம்மா இழையைத் தூக்கிப் பார்த்து ஏதோ சொன்னார். அவர் அம்மாவும் இப்படித்தான் பிழிவாராம், அரிசி மாவில்.

சர்க்கரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

18.10.96, வெள்ளி

மறுபடி மழை. சோம்சாயும் மாலியும் நேற்றே கிளம்பிப் போனார்கள். காலையில் ஃபேக்ஸ்: ஏஜென்சி எடுத்துக்கொள்கிறார்கள். நினைத்ததைவிடச் சின்ன ஆர்டர்தான், ஆனாலும் ஆர்டர்.

முதலாளி கூப்பிட்டார். சைவம்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று கொஞ்சம் கோபித்துக்கொண்டார். அதன் பிறகு, தை மாதம் பாங்காக்கில் கண்காட்சி, அங்கே நம் ஸ்டாலை யார் பார்த்துக்கொள்வது என்று யோசிப்பதுபோல் ஜன்னலைப் பார்த்தார். "நீங்க போயிட்டு வாரீங்களா அம்மணி?"

சரிங்க என்றேன். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. அது சீட்டுக்குத் திரும்பும்போதுதான் நினைவுக்கு வந்தது.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம். இவர் வந்துவிட்டார். இனிமேல்தான் சொல்ல வேண்டும்.